எங்க ஆளு இல்ல

சேரியிலிருந்து வேலைக்குப் போகிற ஒவ்வொருவரும் ஏதாவது ஒரு நாள் கேட்ட வாக்கியம்தான் இது. விடியற்காலை ஐந்தரை மணிக்கு இதை யாரும் சொல்வதில்லை. அப்போது நாம் அவர்கள் ஆள்தான். 'ஏய், அந்தத் தெருவுக்கு ஏன் இன்னும் போகல', 'மந்திரி வர்றாரு, மெயின் ரோட்ட மொதல்ல பாரு' என்று அதட்டும்போதும் அவர்கள் ஆள்தான். சம்பளம் இரண்டு மாதம் நிற்கும்போது, லாரி மோதிக் கால் உடையும்போது, குழிக்குள் இறங்கியவன் பிணமாக மேலே வரும்போது மட்டும் அலுவலகத்திலிருந்து பதில் வந்துவிடும்: 'அவங்க எங்க ஆளு இல்ல, கான்ட்ராக்ட் ஆளு.'

இதை ஏதோ ஒரு குமாஸ்தாவின் வாய்க்கொழுப்பு என்று விட்டுவிட முடியாது. இதற்குப் பின்னால் டெண்டர் இருக்கிறது, அரசாணை இருக்கிறது, இப்போது நாடாளுமன்றத்தில் நிறைவேறிய சட்டமும் இருக்கிறது. ஒருவரை ஊழியர் என்று எழுதுவதா, ஒப்பந்தக்காரரின் ஆள் என்று எழுதுவதா, சுய உதவிக் குழு உறுப்பினர் என்று எழுதுவதா என்பதைக் கணக்குப் பிரிவின் காகித வேலை போலப் பேசுகிறார்கள். நமக்கு இது தீண்டாமையின் இன்றைய வடிவம். அன்றைக்குத் தண்ணீரை உயரத் தூக்கிக் கையில் ஊற்றினான். சொம்புக்கும் கைக்கும் நடுவே ஒரு இடைவெளி வைத்தான். இன்றைக்கு அந்த இடைவெளிக்கு ஒப்பந்தக்காரர் என்று பெயர். வேலை வேண்டும், வேலை செய்கிறவள் பெயர் தன் பதிவேட்டைத் தொடக் கூடாது.

1

தமிழ் படித்தவர்கள் வகுப்பில் ஒப்பித்திருப்போம்: மூன்றாம் வேற்றுமையில் வரும் கருத்தா இரண்டு. ஏவுதற் கருத்தா, இயற்றுதற் கருத்தா. 'கரிகாலனால் கல்லணை கட்டப்பட்டது' என்றால் கரிகாலன் கல் சுமந்தான் என்று எந்த வாத்தியாரும் சொல்லித்தரவில்லை. ஏவியவன் அவன், சுமந்தவர்கள் வேறு. சுமந்தவர்களுக்குப் பெயரில்லாமல் போன அநியாயம் ஒரு பக்கம் இருக்கட்டும். ஏவியவனையும் கருத்தா என்று ஒத்துக்கொள்கிற அளவுக்காவது இலக்கணத்தில் நேர்மை இருந்தது. நம்முடைய மாநகராட்சிகளிடம் அதுகூட இல்லை. தூய்மை நகரம் என்று விருது வாங்க மேடையேறும்போது அவையே ஏவுதற் கருத்தா. பி.எஃப். கட்டு என்றால், நாங்கள் ஏவவே இல்லை என்கின்றன.

நீதிமன்றம் இந்த விஷயத்தில் ரொம்ப காலத்துக்கு முன்பே தெளிவாகப் பேசியிருக்கிறது. குஜராத்தின் ரண் பகுதியில் உப்பு விளைவிக்கிற அகரியாக்களின் வழக்கு 1956இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. தாரங்கதாரா கெமிக்கல் ஒர்க்ஸ் என்ற கம்பெனி, 'இவர்கள் எங்கள் தொழிலாளிகள் இல்லை, சுயேச்சையான ஒப்பந்தக்காரர்கள்' என்றது. அதற்குக் காரணமும் வைத்திருந்தது. வருகைப் பதிவேடு கிடையாது, வேலை நேரம் கிடையாது, மணங்குக்கு இவ்வளவு என்று கூலி, கூடமாட ஆள் வைத்துக்கொள்ளவும் தடையில்லை. இத்தனை இருந்தும் நீதிமன்றம் அகரியாக்களைத் தொழிலாளிகள் என்றுதான் சொன்னது. உப்புநீர் பதமாகிற ஒவ்வொரு கட்டத்திலும் கம்பெனி ஆள் வந்து பார்க்கிறான். உப்பு சரியில்லை என்றால் தள்ளிவிடுகிறான். அகரியா தன் உடம்பைக் கொண்டு, தன் குடும்பத்தோடு உழைக்கிறான். என்ன வேலை என்று மட்டும் சொல்லாமல் எப்படிச் செய்ய வேண்டும் என்றும் சொல்கிற அதிகாரம் எவனிடம் இருக்கிறதோ அவனே முதலாளி.

1978இல் கேரளத்துக் கயிறு ஆலை ஒன்றின் வழக்கில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் இன்னும் ஒரு படி மேலே போனார். உழைப்பின் பலன் எவனுடைய தொழிலுக்குப் போகிறது, அவன் கை விட்டால் எவருடைய அடுப்பு அணைகிறது என்று பார்க்க வேண்டும். நடுவில் நிற்கிற ஒப்பந்தக்காரன் திரை மட்டும்தான் என்றால் திரையை விலக்கிவிட்டுப் பார் என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம்.

இந்த அளவுகோலைத் தெருப் பெருக்குகிறவளிடம் வைத்துப் பாருங்கள். தெரு மாநகராட்சியுடையது. எந்தத் தெரு, எத்தனை மணிக்கு என்று சொல்கிறது மாநகராட்சி. மேற்பார்வை பார்க்கிறவர் மாநகராட்சியின் சுகாதார ஆய்வாளர். அவளுடைய முதலீடு என்று இருப்பது இடுப்பும் முழங்காலும்தான். இவளை எந்தக் கணக்கில் இன்னொருவன் ஆள் என்று எழுதுகிறீர்கள்?

2

எங்க அம்மா ஒரு நகராட்சியில் பத்தொன்பது வருஷம் பெருக்கினாங்க. ஊர் பேர் வேண்டாம். எந்த ஊரை எழுதினாலும் பொருந்தும். பத்தொன்பது வருஷமும் அதே ஆறு தெரு, அதே சாவடி. மேஸ்திரி மாறினார், தெரு மாறவில்லை. கழுத்தில் தொங்கிய அட்டை மட்டும் மூன்று முறை மாறியது. முதல் அட்டையில் ஒரு கம்பெனி பேர், இரண்டாவதில் ஒரு சங்கத்தின் பேர், மூன்றாவதில் யாரோ ஒரு தனியாளின் பேர். ஒவ்வொரு டெண்டர் முடிந்ததும் பழைய அட்டையை வாங்கிக்கொண்டு புது அட்டை தருவார்கள். அன்றைக்கு அவங்க புதுசாக வேலைக்குச் சேர்ந்ததாகக் கணக்கு.

பி.எஃப். பணம் கேட்டு அலைந்தபோதுதான் தெரிந்தது, அம்மா பேரில் மூன்று எண் இருந்தது. ஒன்றில் கொஞ்சம் பணம். ஒன்றில் பேர் தப்பு. இன்னொன்றில் ஒரு பைசா கட்டப்படவே இல்லை. நகராட்சி அலுவலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர், 'நீங்க மூணு பேருகிட்ட வேலை செஞ்சிருக்கீங்கம்மா, அவங்ககிட்ட போய்க் கேளுங்க' என்றார். அம்மா மெதுவாகத்தான் கேட்டாங்க: 'ஏன் சார், மூணு பேருகிட்ட செஞ்சேங்கறீங்களே, நான் ஒரே தெருவுலதான சார் பெருக்குனேன்?'

சட்டக் கல்லூரி மாணவர்கள் இந்தக் கேள்வியை எழுதி வைத்துக்கொள்ளலாம். 1956 தீர்ப்பு முழுசும் அதில் இருக்கிறது. அந்த மனிதரிடம் பதில் இல்லை. 'எங்க ஆளு இல்லம்மா' என்றார்.

3

இது எல்லாத் தொழிலாளிக்கும் நடக்கிறதே, இதில் சாதி எங்கே வந்தது என்று கேட்கிற தோழர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காக ஒரு சின்ன வரலாறு.

1976 டிசம்பரில் மத்திய அரசு ஓர் அறிவிக்கை வெளியிட்டது. ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் 1970இன்படி, மத்திய அரசின் வரம்புக்குள் வருகிற நிறுவனங்களின் கட்டிடங்களில் பெருக்குவது, சுத்தம் செய்வது, தூசு தட்டுவது, காவல் காப்பது ஆகிய வேலைகளுக்கு ஒப்பந்த ஆட்களை வைக்கக் கூடாது என்றது. அன்றாடம் நடந்தே தீர வேண்டிய வேலைக்கு எதற்குத் தரகன் என்பதுதான் அதன் நியாயம். 1996இல் ஏர் இந்தியா வழக்கில் உச்ச நீதிமன்றம், தடை வந்த வேலையில் இருந்த ஒப்பந்தத் தொழிலாளிகள் நேரடியாக அந்த நிறுவனத்தின் தொழிலாளிகள் ஆகிவிடுகிறார்கள் என்று தீர்ப்புச் சொன்னது. கொஞ்ச காலம் நம்மவர்கள் மூச்சு விட்டார்கள்.

2001 ஆகஸ்டில் ஐந்து நீதிபதிகள் அமர்வு உருக்காலை நிறுவன வழக்கில் அதைத் தலைகீழாக்கியது. தானாக நிரந்தரம் ஆகிவிடாது. ஒப்பந்தம் போலி என்று நினைத்தால் தொழில் தீர்ப்பாயத்துக்குப் போய் நிரூபித்துக்கொள் என்றது. 1976 அறிவிக்கையையும் செல்லாது என்றது. தினக்கூலிக்காரி தீர்ப்பாயத்தில் வருஷக்கணக்கில் நின்று நிரூபிக்க வேண்டுமாம்.

அடுத்தது 2020. பணியிடப் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் குறித்த சட்டத் தொகுப்பு. 2025 நவம்பர் 21 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. 1970 சட்டம் போய்விட்டது. நிறுவனத்தின் மையச் செயல்பாட்டில் ஒப்பந்த ஆள் கூடாது என்று நல்ல பிள்ளை போலத்தான் இந்தத் தொகுப்பு பேசுகிறது. கையோடு, எதெல்லாம் மையச் செயல்பாட்டில் சேராது என்று ஒரு பட்டியலும் போடுகிறது. அந்தப் பட்டியலில் முதல் இடம் எதற்கு? பெருக்குதல், சுத்தம் செய்தல், தூசு தட்டுதல், எல்லா வகைக் கழிவுகளையும் சேகரித்து அகற்றுதல் உள்ளிட்ட துப்புரவு வேலைகளுக்கு.

பாருங்கள். 1976இல் இந்த வேலைக்குத் தரகன் கூடாது என்று சொல்ல எந்தச் சொற்களை எழுதினார்களோ, அதே பெருக்குதல், சுத்தம் செய்தல், தூசு தட்டுதலை இப்போது தரகன் வைத்துக்கொள் என்று சொல்ல எழுதியிருக்கிறார்கள். எஞ்சினியர் வேலையில்லை, கணக்கர் வேலையில்லை. ஆயிரத்தெட்டு வேலைகளில் முதலில் கைக்கு வந்தது துடைப்பம். அந்தத் துடைப்பம் யார் கையில் இருக்கிறது என்று தெரியாமலா எழுதினார்கள்? ஒப்பந்தம் எடுக்கிறவன் சாதியை எந்த டெண்டரும் கேட்பதில்லை. பெருக்குகிறவள் சாதி, கேட்காமலே எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. இதுதான் தோழர்களே, சாதி வந்த இடம்.

இந்தத் தொகுப்பிலும் நமக்கு ஒரு பிடி இருக்கிறது. நிறுவனம் அந்த வேலைக்காகவே ஏற்படுத்தப்படவில்லை என்றால்தான் விலக்கு என்கிறது சட்டம். மாநகராட்சி வேறு எதற்காக ஏற்படுத்தப்பட்டது? அரசியல் சட்டத்தின் 12ஆம் அட்டவணையில் நகராட்சிகளின் பொறுப்பாகச் சொல்லப்பட்டவற்றில் பொதுச் சுகாதாரமும் துப்புரவும் திடக்கழிவு மேலாண்மையும் இருக்கின்றன. குப்பை அள்ளுவது மாநகராட்சியின் மைய வேலை இல்லை என்றால், பள்ளிக்கூடத்தின் மைய வேலை பாடம் நடத்துவது இல்லை என்றும் சொல்லலாம். ஆனால் வேறொரு ஓட்டை வைத்திருக்கிறார்கள்: மைய வேலையே ஆனாலும் 'வழக்கமாக ஒப்பந்தக்காரர் மூலம் நடக்கிற வேலை' என்றால் தடையில்லை. இருபத்தைந்து வருஷம் தப்பு செய்துவிட்டு, இது எங்கள் வழக்கம் என்று தப்பித்துக்கொள்ளலாம். வழக்கம், மாமூல், ஊர்க்கட்டு என்று சொல்லித்தான் நம்மைத் தலைமுறை தலைமுறையாகப் பறையடிக்கவும் பிணம் சுடவும் வைத்தார்கள். அதே சொல்லைச் சட்டத்துக்குள் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள்.

4

சென்னையில் இந்த வழக்கம் 2000இல் பெரிய அளவில் தொடங்கியது. மூன்று மண்டலங்களை ஓனிக்ஸ் என்ற பிரெஞ்சுக் கம்பெனிக்குக் கொடுத்தார்கள். குப்பை வண்டிக்கே ஓனிக்ஸ் வண்டி என்று பேர் விழுந்தது. 2007இல் நீல் மெட்டல் பனால்கா, பிறகு ராம்கி, 2020இல் உர்பேசர் சுமீத் என்று கம்பெனிகள் மாறின. ஆட்சிகள் மாறின. துடைப்பம் பிடித்த கை மாறவில்லை. மற்ற மாநகராட்சிகளிலும் அடிநிலை வேலைகளை வெளியாருக்கு விடுவதற்கு 2022இல் அரசாணை 152 வந்தது.

இதற்கு நடுவே இன்னொரு தந்திரம். நேரடியாக வைத்திருந்த ஆட்களையும் ஊழியர் என்று எழுதாமல் நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் கீழ் சுய உதவிக் குழு உறுப்பினர் என்று எழுதினார்கள். ஏழைகள் சொந்தத் தொழில் தொடங்க உதவி செய்கிற திட்டம் அது. அடுத்தவன் வீட்டுக் குப்பையை அள்ளுவது நம்முடைய சொந்தத் தொழிலாம்! மனு எழுதியதையே அரசாங்கக் கோப்பில் இவ்வளவு மரியாதையாக எழுத முடியும் என்று நமக்கு இதுவரை தெரியாது.

2025இல் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களையும் தனியாருக்குக் கொடுக்க முடிவானது. பல வருஷம் அந்தத் தெருக்களில் பெருக்கிய சுமார் 2,000 பேர், பெரும்பாலும் பெண்கள், வேலையின்றி நின்றார்கள். மாதம் 23,000 ரூபாய் அளவில் வாங்கியது 16,000 சொச்சமாகக் குறையும் என்பது அவர்கள் சொன்ன கணக்கு. ஆகஸ்ட் 1ஆம் தேதியிலிருந்து ரிப்பன் மாளிகை வாசலில் உட்கார்ந்தார்கள். வெயிலிலும் மழையிலும் 13 நாள். 13ஆம் தேதி நள்ளிரவில், உயர் நீதிமன்ற உத்தரவைக் காட்டி, போலீஸ் அவர்களை இழுத்து வண்டியில் ஏற்றியது. மறுநாளே அமைச்சரவை கூடி அறிவிப்புகள் வெளியிட்டது: தூய்மைப் பணியாளர்களுக்குக் காலை உணவு, காப்பீடு, பிள்ளைகள் படிப்புக்கு உதவி.

சோற்றை வேண்டாம் என்று சொல்கிற கொழுப்பு நமக்கில்லை. ஆனால் அந்தப் பெண்கள் பசிக்குது என்று வந்து உட்காரவில்லை. எங்கள் பேரை உங்கள் பதிவேட்டில் எழுது என்று உட்கார்ந்தார்கள். பந்தியில் இலை போட்டார்கள், பட்டியலில் பேர் போடவில்லை. 2019இல் கும்பமேளாவில் பிரதமர் துப்புரவுத் தொழிலாளிகள் ஐந்து பேரின் காலைக் கழுவினார். கொரோனா நாட்களில் தெருத்தெருவாக மாலை போட்டார்கள். காலைக் கழுவுவார்கள், மாலை போடுவார்கள், துப்புரவு என்பதைத் தூய்மை என்று மாற்றுவார்கள். ஊழியர் என்ற ஒரு சொல்லை மட்டும் தரமாட்டார்கள். அந்தச் சொல்லுக்குத்தான் பி.எஃப்., ஓய்வூதியம், பிரசவ விடுப்பு, செத்தால் பிள்ளைக்குக் கருணை வேலை என்று விலை இருக்கிறது. மாலைக்கு அப்படி விலை இல்லை.

சாவிலும் இதே கதைதான். 2013ஆம் வருஷத்துச் சட்டம், பாதாளச் சாக்கடைக்குள்ளும் மலக்குழிக்குள்ளும் ஆபத்தான முறையில் ஆளை இறக்குவதை 'நேரடியாகவோ மறைமுகமாகவோ' செய்யக் கூடாது என்கிறது. மறைமுகம் என்ற அந்தச் சொல்லை எழுதியவர்களுக்குத் தரகன் தந்திரம் தெரிந்திருக்கிறது. 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இழப்பீட்டை 10 லட்சத்திலிருந்து 30 லட்சமாக உயர்த்தியது. ஆனாலும் ஒவ்வொரு சாவுக்கும் பிறகு முதலில் பதிவாகிற குற்றவாளி ஏதோ ஒரு சின்ன ஒப்பந்தக்காரன், பல நேரம் நம்மவனாகவே இருக்கிற மேஸ்திரி. டெண்டர் விட்டவன் இரங்கல் செய்தி அனுப்புகிறான்.

5

இனி நம் வீட்டுக்குள்ளேயே நடக்கிற விவாதத்துக்கு வருவோம். 2025 ஆகஸ்டில் விடுதலைச் சிறுத்தைகள் தலைவர் தொல். திருமாவளவன் ஒரு கருத்தை முன்வைத்தார்: பணி நிரந்தரம் என்று கேட்பது இந்த மக்களையே இந்த வேலையில் நிரந்தரமாக இருத்திவிடும்; குப்பை அள்ளுகிறவர்களின் பிள்ளைகளும் அதையே அள்ள வேண்டுமா என்பது அதன் உட்பொருள். இதை எள்ளி நகையாடியவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. துடைப்பத்தை எறி என்பது அம்பேத்கரிய அரசியலின் உயிர்நாடி. அந்தக் கோபம் இல்லாமல் வெறும் கூலிக்கணக்கு பேசுகிற தொழிற்சங்கவாதம் நமக்கு உதவாது.

ஆனால் கேள்வியைத் தரையில் வைத்துக் கேட்போம். 2000க்குப் பிறகு தனியார் வந்தார்கள். அவர்கள் வந்ததால் அக்ரகாரத்திலிருந்தோ ஊர்த்தெருவிலிருந்தோ எத்தனை பேர் சாக்கடை அள்ள வந்தார்கள்? நிரந்தரம் போனது, சாதி போகவில்லை. இந்த வேலையிலிருந்து பிள்ளைகளை வெளியே அனுப்பிய குடும்பங்களைச் சேரியில் எண்ணிப் பாருங்கள். அப்பாவோ அம்மாவோ நிரந்தர வேலையில் இருந்த வீடுகள்தான் பெரும்பாலும். முதல் தேதி சம்பளம் வரும் என்ற தைரியத்தில்தான் பிள்ளையைக் கல்லூரியில் சேர்த்தார்கள். அந்தச் சம்பளச் சீட்டைக் காட்டித்தான் கடன் வாங்கினார்கள். ஒப்பந்தக்காரி வீட்டில் அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தால் அடுத்த நாள் மகள் துடைப்பத்தோடு போய் நிற்கிறாள். எது பரம்பரை ஆக்குகிறது, எது விடுவிக்கிறது?

நிரந்தரம் ஆளுக்குத்தான், துடைப்பத்துக்கு இல்லை. அரசு ஊழியர் என்று பெயர் எழுதப்பட்டவர் பதவி உயர்வு கேட்கலாம், வேறு பணிக்கு மாற்றம் கேட்கலாம், எந்திரம் எங்கே என்று கேட்டுக் குழிக்குள் இறங்க மறுக்கலாம். ஒப்பந்த ஆள் மறுத்தால் நாளைக்கு வராதே என்பார்கள். 1938இல் மன்மாட்டில் ரயில்வேயின் தலித் தொழிலாளர்களிடம் பேசிய அம்பேத்கர் இதைத்தான் சுட்டிக்காட்டினார்: தீண்டப்படாதவன் கேங்மேனாகவே கிடக்கிறான், போர்ட்டராகக்கூட எடுப்பதில்லை, ஏனென்றால் போர்ட்டர் ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டுக்குள்ளும் போய் வேலை செய்ய வேண்டும். எந்தப் பெயரில் நம்மை எழுதுகிறார்கள் என்பதில்தான் எந்த வாசல் வரை போகலாம் என்பது அடங்கியிருக்கிறது. பெயரை விட்டுக்கொடுத்துவிட்டு வாசலைத் திறக்க முடியாது.

பொதுத் தொழிற்சங்கத் தோழர்களுக்கும் ஒன்று. நிரந்தரத் தொழிலாளிக்கு போனஸ் பேசிக்கொண்டிருந்த காலத்தில் ஒப்பந்தத் தொழிலாளியை உறுப்பினராகக்கூடச் சேர்க்காத சங்கங்கள் உண்டு. 'எங்க ஆளு இல்ல' என்று நீங்களும் சொல்லியிருக்கிறீர்கள். இன்றைக்கு உணவுப் பொட்டலம் கொண்டு போகிற பையனை கம்பெனிக்காரன் 'பார்ட்னர்' என்று எழுதும்போது எல்லாருக்கும் அதிர்ச்சியாக இருக்கிறது. துடைப்பத்தில் சோதித்துப் பார்த்த வித்தை இப்போது பைக்கில் வருகிறது. சேரியில் நடக்கும்போது கேட்காத கேள்வியை ஊருக்குள் வரும்போதாவது கேளுங்கள்.

6

ஜெயிக்க முடியுமா என்றால், முடியும். மும்பையில் கசரா வாஹதூக் ஷ்ரமிக் சங்கம் 2,700 ஒப்பந்தத் துப்புரவுத் தொழிலாளிகளுக்காகப் பல வருஷம் வழக்காடியது. 2017 ஏப்ரலில் உச்ச நீதிமன்றத்தில் அவர்கள் மாநகராட்சியின் நிரந்தரத் தொழிலாளிகள் என்று உறுதியானது. 2024 டிசம்பரில், மத்திய நீர் ஆணையத்தில் நெடுங்காலம் பெருக்கிய பெண்களை நிரந்தரமாக்கச் சொன்னது அதே நீதிமன்றம். 2006 உமாதேவி தீர்ப்பைக் காட்டி நிரந்தரத்தை மறுக்கிற அரசுகளையும் அந்தத் தீர்ப்பு கண்டித்திருக்கிறது.

நம் கோரிக்கை நீளமானது இல்லை. குப்பையும் சாக்கடையும் உள்ளாட்சியின் மைய வேலை என்று அரசு எழுத்தில் சொல்ல வேண்டும். தெருவில் வேலை செய்கிறவர் பெயர் அந்தத் தெருவின் உள்ளாட்சிப் பதிவேட்டில் இருக்க வேண்டும். எத்தனை அட்டை மாறினாலும் முதல் நாளிலிருந்து பணிக்காலம் கணக்காக வேண்டும். அரசாணை 152 போக வேண்டும். நிரந்தரமானவர்க்கு வேறு பணிக்கு மாறும் உரிமையும், குழிக்கு எந்திரமும் சேர்ந்தே வர வேண்டும்.

இதைப் படிக்கிற மாணவர்களுக்கு வேலை இருக்கிறது. ஒப்பந்தம் போலி என்று நிரூபிக்கும் சுமையைத் தொழிலாளி தலையில் வைத்துவிட்டார்கள். அந்தச் சுமையில் ஒரு கை பிடியுங்கள். உங்கள் ஊர் நகராட்சியின் டெண்டர் பத்திரத்தைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்குங்கள். பழைய அட்டைகளைச் சேகரியுங்கள். காலையில் எந்த அதிகாரி எந்தத் தெருவுக்குப் போகச் சொன்னார் என்று தேதி போட்டு எழுதி வையுங்கள். கைப்பேசியில் வந்த உத்தரவுகளை அழிக்காமல் வையுங்கள். ஏவியவன் யார் என்பதற்கு இவையே சாட்சி. எழுத்தாளர்கள் குப்பைத் தொட்டியைப் பற்றி இன்னொரு இரக்கக் கவிதை எழுதுவதற்கு முன், தங்கள் தெருவைப் பெருக்குகிறவருக்கு யார் சம்பளம் கொடுக்கிறார்கள் என்று ஒரு தடவை கேட்டு வரட்டும்.

நகரம் அவர்களுடையது, குப்பை அவர்களுடையது, உத்தரவு அவர்களுடையது. பெருக்குகிறவள் மட்டும் எவனோ ஒருவன் ஆள் என்றால், அந்தக் கணக்கை இனி நாம் ஒத்துக்கொள்ளப் போவதில்லை.